சம்பந்தமில்லாத ஒயின்

ககேத்தி,
ஏப்ரல் 3

அன்புள்ள நதேலா அக்கா,

உன் தொலைபேசியில் என் எண்ணை அடைத்துவிட்டாய். சரி. ஆனால் அம்மா அனுப்பும் பாலாடைக்கட்டியை அடைக்க உனக்கு மனசு வராது. அதனால்தான் இந்தக் கடிதம் கட்டியோடு கட்டி வருகிறது. வேன் ஓட்டும் ஸூரா அண்ணன் திபிலிசியில் உங்கள் கார்ட்லி வேன்காரரிடம் கைமாற்றிவிடுவார். பிரித்ததும் கிழிக்காதே. முதலில் சாப்பிடு. வயிறு நிறைந்தவர்களுக்குக் கோபம் குறையும்.

உள்ளே இருக்கும் குட்டி உதைக்கிறதா? உதைத்தால் என்னைப்போல. தூங்கிக்கொண்டே இருந்தால் உன் வீட்டுக்காரர் ஸாஸாவைப்போல.

செய்தி என்னவென்றால், போன மாதம் எனக்குப் பதினெட்டு முடிந்தது. அப்பா என்னை ஒயின் கொட்டகைக்குக் கூட்டிப்போய், சுவரோரம் மண்ணில் புதைந்திருக்கும் சின்ன ஜாடியின் மூடிக்கல்லைக் காலால் தட்டி, "இனிமே இது உன்னுது" என்றார். உனக்குச் செய்தது மாதிரியேதான். வருகிற அறுவடையில் அதில் எந்தத் திராட்சையைப் போடப்போகிறேன் என்று நானே சொல்ல வேண்டுமாம், சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும். நம் வீட்டில் அதற்கு ஒரே பதில்தான் என்று உனக்குத் தெரியும். கன்னங்கரிய சப்பராவி. மேல் சரிவுச் சப்பராவியா, கீழ்ச் சரிவுச் சப்பராவியா என்பதுதான் கேள்வி. எந்தக் கோழியைப் பிடித்தாலும் குழம்புதான் என்கிற மாதிரி ஒரு சுதந்திரம்.

அவசரப்படாதே, மே மாதம் திபிலிசியில் பெரிய ஒயின் சந்தை நடக்கிறது, நாட்டிலுள்ள சிவப்பு ஒயின் எல்லாம் அங்கே வரும், எல்லாவற்றையும் ருசி பார்த்துவிட்டுச் சொல் என்றார் அப்பா. ஊரையெல்லாம் சுற்றினால்தான் நம் வீட்டு அருமை தெரியும் என்பது அவர் கணக்கு.

உன் மாமனாரும் அங்கே மேசை போடுகிறாராமே. அதற்குத்தான் கேட்கிறேன். உன் கல்யாணத்தில் நான் சொன்ன அந்த ஒரு வரி அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதா?

தப்பு முழுக்க என்னுடையது இல்லை, அக்கா. உன் மாமனார் ஆசையாகக் கொண்டுவந்த ஒயினை அப்பாதான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது பெரியவங்களுக்கா, பந்தியில இருக்கிற பசங்களுக்கா?" என்று கேட்டார். சிவப்பு ஒயினுக்கே கறுப்பு ஒயின் என்று பெயர் வைத்திருக்கிற மொழி நம்முடையது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் முகம் தெரிகிற அளவுக்கு வெளிறியதை அப்பா எப்படி ஒயின் என்று ஒப்புக்கொள்வார்? நான் அவர் பேச்சுக்கு ஒரு குஞ்சலம் கட்டினேன், அவ்வளவுதான். பந்தலே சிரித்தது. நீகூட முக்காட்டுக்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

தேக்லா

---

கார்ட்லி,
ஏப்ரல் 21

தேக்லா,

பாலாடைக்கட்டி கிடைத்தது. அம்மாவிடம் உப்பு அதிகம் என்று சொல்.

நான் சிரிக்கவில்லை. அது தும்மல்.

நீ சொன்ன வரி எனக்கு முன்னாலேயே இந்த ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. "சம்பந்தி வீட்டு ஒயினுக்கும் திராட்சைக்கும் சம்பந்தமே இல்லை." இங்கே சின்னப் பிள்ளைகூட அதைச் சொல்லிக் காட்டுகிறது. ரொட்டி வாங்கப் போனால், "சம்பந்தமில்லாத மருமகள் வந்தாச்சு" என்கிறார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். அதனால் கோபப்படவும் முடியவில்லை. உன்னைப் போன்றவர்கள் செய்கிற அநியாயமே அதுதான். அடித்துவிட்டு, அடிபட்டவர்களையும் சிரிக்கச் சொல்வீர்கள்.

மாமா செய்தது இதைத்தான். நான் மருமகளாக வந்த முதல் நாளிலிருந்து என் தட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கூஜா வைக்கிறார். உள்ளே சப்பராவி. சந்தையில் என் ஒருத்திக்காக வாங்கிவருகிறார். மற்ற எல்லோருக்கும் அவர் கையால் செய்த வெளிர் சிவப்புத் தவ்க்வேரி, கல்யாணத்துக்குக் கொண்டுவந்த அதே ஒயின். நான் பிள்ளை உண்டானதிலிருந்து குடிப்பதே இல்லை. கூஜா மட்டும் நிறுத்தாமல் வருகிறது, தளும்பத் தளும்ப, என் கோத்திரத்தைச் சொல்கிற மாதிரி. அவர் குத்திக்காட்டவில்லை, தேக்லா. மரியாதை என்று நினைத்துத்தான் வைக்கிறார். அதனால்தான் வேண்டாம் என்று தள்ளவும் முடியவில்லை.

திபிலிசிச் சந்தைக்கு மாமாவும் ஸாஸாவும் வருகிறார்கள். இந்த வயிற்றோடு நான் வரவில்லை. அங்கே நாக்கைச் சுருட்டி வைத்துக்கொள். வேடிக்கை எதுவும் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்.

நதேலா

---

ககேத்தி,
மே 14

அக்கா,

நாக்கைச் சுருட்டித்தான் வைத்திருந்தேன். வாய்க்குள்ளேயே அது வேலையைக் காட்டிவிட்டது. முழுதாகச் சொல்கிறேன், நடுவில் திட்டாதே.

பெரிய மண்டபம். ரயில் பெட்டி மாதிரி மேசைக்குப் பின் மேசை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு மாமா, ஒவ்வொரு மாமாவுக்குப் பின்னாலும் "நீங்க சரியா ஊத்தலை" என்று சொல்ல ஒரு அத்தை. முதல் அதிசயம், எல்லோரும் துப்புகிறார்கள். வாய் நிறையக் குடித்துவிட்டு வாளியில் துப்புகிறார்கள். நம் வீட்டில் ஒயினைத் துப்பினால் துப்புக்கெட்டவள். அங்கே துப்பாவிட்டால்தான் துப்புக்கெட்டவள். அப்பா மட்டும் துப்ப மாட்டேன் என்று அடம்பிடித்து, மதியத்துக்குள் பாதி மண்டபத்துக்கு நண்பராகிவிட்டார்.

நானும் துப்பினேன். துப்பத் துப்ப ஒன்று புரிந்தது. இத்தனை வருடமாக நான் ஒயினைக் குடித்ததே இல்லை. அப்பாவைக் குடித்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்து, அவர் தலையாட்டும்போது நானும் ஆட்டியிருக்கிறேன். மேற்கிலிருந்து வந்த ஒன்று ஈர மரம் மாதிரி இருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. மலைப்பக்கத்து இனிப்பு ஒயின் ஒன்று முதல் வாய்க்கு முத்தம், மூன்றாவது வாய்க்கு மாமியார். பிடிக்கும், பிடிக்காது என்று நானே சொல்லிப் பார்ப்பது ஏதோ திருட்டு வேலை மாதிரி இன்பமாக இருந்தது.

கடைசியில் கண்கட்டு மேசை. இங்கேதான் விஷயம். கறுப்பு ஒயின் செய்கிற ஆட்களெல்லாம் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்திருந்தார்கள். பாட்டில்களுக்குக் கம்பளிக் காலுறை மாட்டியிருந்தது. நிறமும் தெரியக் கூடாதென்று கரிய மண் கிண்ணத்தில் ஊற்றினார்கள். எது பிடிக்கிறதோ அதற்கு முன்னால் ஒரு அக்ரூட் கொட்டையை வைக்க வேண்டும்.

என் திட்டம் என்னவென்று உனக்கே தெரிந்திருக்கும். நம்முடையதற்கு அடுத்து உன் மாமனார் அம்ப்ரோஸி மாமாவுடையதை வைக்கச் சொல்லி, அப்பாவை அதைக் குடிக்க வைத்து, அவர் ஆகா என்ற பிறகு காலுறையைக் கழற்ற வேண்டும். மேசைக்காரப் பெண்மணியிடம் போய்க் குழைந்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எல்லாப் பாட்டிலையும் இடம் மாற்றி வைத்துவிட்டாள். ஆகவே எனக்கும் எது யாருடையது என்று தெரியாது. கண்ணியை நான் வைத்தேன், காலும் என்னுடையதுதான்.

ஒரு கிண்ணத்தை வாயில் வைத்ததும் பற்களெல்லாம் வரிசையில் எழுந்து நின்றன. நான் அப்பாவிடம், "இதை யாரோ கோபத்துல செஞ்சிருக்காங்கப்பா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தன் கொட்டையை அதற்கு முன்னால் வைத்தார்.

இன்னும் கொஞ்சம் தள்ளி ஒன்று. முதலில் புளிப்புச் செர்ரி, பின்னால் லேசாக மிளகு, அப்புறம் மழை பெய்து நின்ற தோட்டம். எடையே இல்லை. நான் துப்பவில்லை, அக்கா. இன்னொரு வாய் கேட்டேன். என் கொட்டையை வைத்துவிட்டு, பிரிய மனமில்லாமல் அங்கேயே நின்றேன்.

காலுறைகளைக் கழற்றினார்கள். என்னுடையது அம்ப்ரோஸி மாமாவின் தவ்க்வேரி. கோபத்தில் செய்தது நம்முடைய சப்பராவி. அப்பா வாசனையிலேயே தன் பிள்ளையைக் கண்டுபிடித்திருக்கிறார். அவர் பெற்ற பிள்ளைக்குத்தான் தெரியவில்லை. சப்பராவி என்றால் சாயம் என்று அர்த்தமல்லவா? அன்றைக்கு வெளுத்தது என் சாயம்.

சிரிப்புத் தாங்காமல் நேரே உன் மாமனார் மேசைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கூஜாவை எடுத்தார். ககேத்திக்காரர்கள் வந்தால் கொடுக்கத் தனியாகச் சப்பராவி வைத்திருக்கிறார். வேண்டாம் மாமா, உங்களுடையதுதான் வேண்டும், கண்கட்டு மேசையில் என் கொட்டை உங்களுக்குத்தான் என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார், யாராவது ஒளிந்துநின்று சிரிக்கிறார்களா என்று. பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார்:

"இந்தத் தடவை என்னம்மா ஜோக்கு? சொல்லிடு. நானும் சிரிச்சுட்டு வேலையைப் பாக்கிறேன்."

நான் நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகும் அவர் காத்திருந்தார், அடுத்த வரிக்காக. அடுத்த வரி இல்லை, அக்கா. என்னிடம் அன்றைக்கு இருந்ததே அந்த ஒரு வரிதான்.

 இன்னும் அந்தச் சாப்பாட்டு மேசைக் கேள்வி பாக்கி இருக்கிறது. என் ஜாடியில் எனக்குத் தவ்க்வேரி வேண்டும். ஆனால் அது உன் மாமனார் கொல்லையில்தான் இருக்கிறது, அவர் என்னை நம்பவில்லை. அப்பாவிடம் சொன்னால் அவரும் சிரிப்பார். நான் வாயைத் திறந்தாலே ஊர் சிரிக்கத் தயாராகிவிடுகிறது. இதை நான் ரசித்தவள்தான். இப்போது என்ன செய்வது?

தேக்லா

---

கார்ட்லி,
மே 26

தேக்லா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை எங்கே பொறி வைத்திருக்கிறாய் என்று தேடினேன். மாமாவைக் குறை சொல்லி என்ன பயன், நானே அப்படித்தான் படிக்கிறேன்.

மாமா திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னது, "உன் தங்கச்சி இந்தத் தடவை நல்லா நடிச்சா. நானே கொஞ்சம் ஏமாந்துட்டேன்." சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் கூஜா வழக்கம்போல வந்தது.

நீ நிஜமாகச் சொல்கிறாய் என்றால் ஒன்று செய். எனக்கு எழுதாதே. அவருக்கு எழுது. ஒரு சிலேடை இருக்கக் கூடாது. ஒரு உவமைகூட வேண்டாம். உனக்கு அது பல் பிடுங்குகிற மாதிரி இருக்கும். பிடுங்கு. அப்பாவிடமும் அப்படியே சொல்.

உனக்குப் புத்தி சொல்கிற நான் ஒன்றும் யோக்கியமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஸாஸா முதன்முதல் என்னை இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தாரே, அன்றைக்கே மாமாவின் தவ்க்வேரியைக் குடித்தேன். பிடித்திருந்தது. நம் வீட்டுச் சப்பராவியைவிட. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் வரிக்குப் பிறகு சொன்னால், மருமகள் கூஜா தூக்குகிறாள் என்று நினைப்பார். அல்லது அக்காவும் தங்கையும் சேர்ந்து கேலி பண்ணுகிறார்கள் என்று. அதனால் என் முன்னால் வைக்கிற கூஜாவைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருக்கிறேன். நீ பேசிக் கெடுத்தாய். நான் பேசாமல்.

குழந்தை உதைக்கிறது. ராத்திரி முழுக்க. உன்னைப்போலத்தான் வரும் போலிருக்கிறது, ஆண்டவனே.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் இதைக் கடிதத்திலேயே முடி. தொலைபேசியில் உன் குரலைக் கேட்டால் நானே நம்ப மாட்டேன்.

நதேலா

---

ககேத்தி,
ஜூன் 7

அக்கா,

உள்ளே மடித்து வைத்திருப்பது உன் மாமனாருக்கு. நீயும் படிக்கலாம், ஒளிக்க ஒன்றுமில்லை. எத்தனை தாள் கிழித்தேன் என்று அம்மாவைக் கேள்.

"அம்ப்ரோஸி மாமாவுக்கு வணக்கம். உங்கள் தவ்க்வேரி எனக்குப் பிடித்திருக்கிறது. கல்யாணத்தில் நான் சொன்னது தப்பு. அன்றைக்கு நான் அதைக் குடிக்காமலேயே சொன்னேன். மன்னியுங்கள். இந்த அறுவடையில் என் ஜாடியில் போடத் தவ்க்வேரித் திராட்சை வேண்டும். தருவீர்களா? தேக்லா."

அவ்வளவுதான். பார்த்தாயா, உப்பில்லாத கஞ்சி.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் அப்பா கேட்டுவிட்டார். பெரியப்பா வீட்டு ஆட்களும் இருந்தார்கள். மேல் சரிவா, கீழ்ச் சரிவா என்றார். தவ்க்வேரி என்றேன். மேசை முழுக்கச் சிரிப்பு. பெரியப்பாவுக்குப் புரையேறி அம்மா முதுகில் தட்டினாள். அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதலில் அம்மா நிறுத்தினாள். அப்புறம் ஒவ்வொருவராக, விளக்கு அணைகிற மாதிரி. அப்பா கடைசி.

"சப்பராவி உனக்கு என்னடி கெடுதல் பண்ணுச்சு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது பதிலுக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலைப்பா. சப்பராவி வந்தா எழுந்து நிக்கணும்போல இருக்கு. அது வந்தா பக்கத்துல உக்காரணும்போல இருக்கு. எனக்கு உக்காரணும்."

உவமை கூடாது என்றாய், இதை நீ மன்னிக்க வேண்டும். அப்பாவிடம் வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

அவர் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார், தின்னவில்லை. அப்புறம், "கோபத்துல செஞ்சதுன்னு சொன்னியே. அந்த வருஷம் ஆலங்கட்டி மழை மேல் சரிவை அடிச்சுட்டுப் போச்சு. கோபத்துலதான் செஞ்சேன்" என்றார். பிறகு எழுந்தார். "ஜாடி உன்னுது. கொடுத்தது கொடுத்ததுதான். ஆனா அந்த மனுஷன்கிட்ட போய்த் திராட்சை கேக்கிற வேலை என்னால ஆகாது. நீயே கேட்டுக்க."

கேட்டுவிட்டேன். உள்ளே மடித்து வைத்திருக்கிறேன்.

தேக்லா

---

கார்ட்லி,
ஜூன் 20

தேக்லாக் குட்டி,

மாமா உன் கடிதத்தைப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, "இதுல எங்க சிரிக்கணும்?" என்று கேட்டார்.

எங்கேயும் இல்லை என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு என் கூஜா வந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு எழுந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மாட்டுக்கறிக் குழம்பில் முழுவதையும் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஸாஸாவே விழித்துக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்.

"மாமா, எனக்கு நாளையிலேர்ந்து இது வேண்டாம். பிள்ளை பெத்து, நான் திரும்பக் குடிக்கிற அன்னிக்கு உங்களுதை ஊத்துங்க. இவர் என்னை முதல்ல கூட்டிட்டு வந்த அன்னிக்கே எனக்குப் பிடிச்சுப் போச்சு" என்றேன்.

"அப்பறம் ஏம்மா இத்தனை நாளாச் சொல்லலை?"

"நீங்க கேக்காமலே கூஜா வச்சீங்க. நானும் சொல்லாமலே இருந்துட்டேன்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை படித்தார். இந்தத் தடவை பின்பக்கம் திருப்பவில்லை.

திராட்சை தருவார். ஆனால் வேனில் அனுப்ப மாட்டாராம், நசுங்கிவிடும். அக்டோபரில் அவரே கொண்டுவருவார். நம் அப்பா அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார். இருந்தால் போதும், பேச வேண்டியதில்லையாம். ஜாடியைச் செர்ரி மரப்பட்டைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி வை. நீ கழுவினால் அரைகுறையாக இருக்கும், இரண்டு தடவை கழுவு.

மாட்டுக்கறிக் குழம்பு அன்றைக்குப் பிரமாதம். சப்பராவிக்கு உரிய மரியாதை கிடைத்தது என்று அப்பாவிடம் சொல்லாதே.

நதேலா

---

ககேத்தி,
அக்டோபர் 12

அக்கா,

குட்டிப் பையனின் படம் வந்தது. மூக்கு நம் அப்பாவுடையது, பாவம். அம்மா அதைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, கதவைத் திறக்கிறபோதெல்லாம் பேசுகிறாள்.

உன் மாமனார் நேற்றுக் காலை வந்து சேர்ந்தார். கூடைகளுக்கு ஈரத்துணி போர்த்திக் கொண்டுவந்திருந்தார், குழந்தைகளைத் தூங்கவைத்துக் கூட்டிவருகிற மாதிரி. அப்பா வாசலில் நின்றார். இருந்தால் போதும் என்றாரல்லவா, சரியாக அந்த அளவுக்கு இருந்தார்.

சாப்பாட்டில் மாமா தன் கூஜாவை மேசை நடுவில் வைத்தார். யாருக்கும் ஊற்றவில்லை. அப்பா அதைப் பார்க்காதவர் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தானே எடுத்து ஊற்றிக்கொண்டார். வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. ஒரு வாய், இன்னொரு வாய். "வெயில் காலத்துக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றார். மாமா தலையை ஆட்டினார். அக்டோபர் பனி ஜன்னலில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

சமாதானம் என்று நினைத்தாயா? கொட்டகைக்குள் போனதும் சண்டை. திராட்சையைத் தண்டோடு போட வேண்டும், தண்டுதான் ஒயினுக்கு முதுகெலும்பு என்று அப்பா. தவ்க்வேரிக்குத் தண்டு போட்டால் கசந்துவிடும், இது என்ன ககேத்தியா என்று மாமா. இது ககேத்திதான் என்று அப்பா. நின்றுகொண்டு ஒரு மணி நேரம். என் ஜாடி, என் திராட்சை, நான் நடுவில் வாளியோடு. ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை.

பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஓய்ந்து என் பக்கம் திரும்பினார்கள். அப்பா, "நீ சொல்லு. உன்னுதுதான்" என்றார்.

தண்டு ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். கசந்தது, ஆனால் நன்றாகக் கசந்தது, நம் வீடு மாதிரி. இருந்தாலும் எனக்கு அந்த எடையில்லாததுதான் வேண்டும். தண்டு வேண்டாம் என்றேன்.

இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்து ஏதாவது சொல்வேன் என்று. நான் சொல்லவில்லை. தண்டு, தண்டம், தண்டனை என்று மூன்றும் நாக்கு நுனியில் வந்து நின்றன, அக்கா. விழுங்கிவிட்டேன். துப்பவில்லை.

"சரி, அப்ப உக்காருங்க சம்பந்தி" என்றார் அப்பா. கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆளுக்கொரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பொழுது சாய்கிற வரைக்கும் ஒரே கூடையிலிருந்து எடுத்து எடுத்து, கை முழுக்கச் சிவப்பாக, தண்டைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் கிள்ளியதை மட்டும் இரண்டு பேரும் மறுபடி எடுத்துச் சரிபார்த்தார்கள்.

தேக்லா